சுருட்டி எடுத்துப் போகும் மர மேசை: அளவு, நாடா, கால் பற்றி யோசனை வேண்டும்

சாலையோரம் கேட்டது:

வணக்கம். குலதெய்வக் கோயிலுக்கோ ஏலகிரி, கொல்லிமலைப் பக்கமோ குடும்பமாகப் போகும்போது சமைக்கவும் பரிமாறவும் ஒரு மேசை செய்யப் போகிறேன். மேல்பலகை பாய் மாதிரி சுருள வேண்டும், கால்கள் தனியாகக் கழன்று வர வேண்டும். கார் டிக்கியில் குறுக்கே இரண்டரை அடி இடம் இருக்கிறது, பை அதற்குள் அடங்கியாக வேண்டும். மேலே ஒற்றை அடுப்பும் ஒரு குக்கரும், பக்கத்தில் தட்டும் தண்ணீர்ப் பாத்திரமும் வைத்தால் மொத்தம் 20 கிலோவுக்கு மேல் போகாது.

நினைத்து வைத்திருக்கும் அளவு 3 அடிக்கு 2 அடி, உயரம் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்ய அது போதும்.

தெரிய வேண்டியவை: எந்த மரம், எவ்வளவு கனம்? பட்டைகளை நாடாவில் அடிப்பதா, துளை போட்டு எலாஸ்டிக் கயிறு கோப்பதா? கடையில் பார்த்த இந்த மாதிரி மேசைகள் எல்லாமே நீளவாக்கில் ஆடின, அந்த ஆட்டத்தை நிறுத்த வழி உண்டா? ஈ.சி.ஆர் கடற்கரைக்கும் போகும் என்பதால் துருவைப் பற்றியும் சொல்லுங்கள். கையில் சின்ன வட்ட ரம்பம், டிரில், இழைப்புளி இருக்கின்றன. ரூட்டர் கிடையாது.

---

உளிமுனை எழுதியது:

முதலில் 3 அடியை விடுங்கள். மேல்பலகை சுருண்டுவிடும், அதைத் தாங்கும் நீளச் சட்டம் சுருளாது. 3 அடி மேசை என்றால் சட்டத்தை நடுவில் வெட்டி மூட்டுப் போட்டாக வேண்டும். மேசையில் அதிக வளைவு வரும் இடமும் அதே நடுப்பகுதிதான். இரண்டரை அடிக்குக் குறைத்தால் சட்டம் ஒரே துண்டாக நிற்கும், காலின் நீளமும் சட்டத்தின் நீளமும் ஏறக்குறைய ஒன்றாகி எல்லாம் ஒரே பையில் போகும். கீழே கொடுக்கும் அளவுகள் மேல்பலகை 745 மி.மீ நீளம், 600 மி.மீ அகலம், தரையிலிருந்து 500 மி.மீ உயரம் என்ற கணக்கில்.

வெட்ட வேண்டியவை (இழைத்த பிறகு இருக்க வேண்டிய அளவு):
பட்டை – 15 துண்டு, 600 × 45 × 12 மி.மீ
நீளச் சட்டம் – 2 துண்டு, 680 × 35 × 35
கால் – 4 துண்டு, 730 × 40 × 20
தடுப்புக் கட்டை – 4 துண்டு, 40 × 20 × 20

மரம் நிகரமாகக் கன அடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அறுப்பிலும் இழைப்பிலும் போவதைச் சேர்த்து அரை கன அடி வாங்கினால் போதும். தேக்கில் செய்தால் மரம் மட்டும் 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். குமிழ மரத்தில் நாலரை கிலோவுக்குள் முடியும். தூக்கிப் போகிற பொருள் என்பதால் என் தேர்வு குமிழ்: லேசு, வளைவது குறைவு, பசை நன்றாகப் பிடிக்கும். தேக்குதான் வேண்டும் என்றால் காரைக்குடிப் பழைய மரக்கடைகளில் கிடைக்கும் உடைந்த சன்னல் சட்டம், உத்தரத் துண்டு நன்றாகக் காய்ந்திருக்கும். ஆனால் அறுப்பதற்கு முன் காந்தத்தை நெடுக ஓட்டி ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே முறிந்து நிற்கும் ஆணி ஒன்று போதும், ரம்பப் பல் தெறிக்கும். புதுத் தேக்கு என்றால் வெள்ளை இல்லாத துண்டாகக் கேளுங்கள். வெள்ளைப் பகுதியில்தான் முதலில் பூச்சி விழும்.

ரப்பர் மரம் வெளி வேலைக்கு வேண்டாம், ஈரம் பட்டால் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். பேக்கிங் பெட்டியிலிருந்து எடுக்கும் பைன் மரத்தில் கணு அதிகம். 12 மி.மீ கனத்தில் கணு உள்ள பட்டை கணுவிலேயே முறியும். பைன்தான் கிடைக்கிறது என்றால் கணு இல்லாத துண்டுகளை மட்டும் பட்டைக்கு ஒதுக்குங்கள். பிளைவுட்டைக் கீறிப் பட்டை எடுக்கவே வேண்டாம், 15 பட்டைக்கு 30 ஓரம், ஒவ்வொரு ஓரமும் தண்ணீர் குடிக்கும்.

மரவாடியில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2 இன்ச்சுக்கு 1 இன்ச் ரீப்பரை வாங்கி நடுவில் கிழித்தால் அரை இன்ச் பட்டை இரண்டு கிடைக்கும் என்று நினைப்போம். ரம்பம் 3 மி.மீ தின்றுவிடும், மிச்சம் 22ஐ இரண்டாகப் பிரித்தால் 11. இரு முகமும் இழைத்தால் 9தான் நிற்கும். வளைவு கனத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் போகும் என்பதால் 12க்குப் பதில் 9 வைத்தால் அதே எடைக்கு இரண்டேகால் மடங்குக்கு மேல் தொய்யும். ஆகவே மில்லில் ஐந்து நூல் கனத்துக்கு அறுத்துத் தரச் சொல்லுங்கள். அது 16 மி.மீ கிட்ட வரும், இழைத்தால் 12–13 மிஞ்சும். 12 மி.மீ தேக்குப் பட்டை, சட்டத்துக்குச் சட்டம் அரை மீட்டர் இடைவெளியில், நடுவில் 10 கிலோவை ஒற்றைப் பட்டை மேலேயே ஏற்றினாலும் 4 மி.மீ அளவுதான் வளையும். அடுப்பின் எடை எப்படியும் மூன்று நான்கு பட்டைக்குப் பகிர்ந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாங்கும் மரத்தை உடனே இழைக்காதீர்கள். ஒரு துண்டை எடை போட்டுக் குறித்து, மின்விசிறிக் காற்றில் இடைக்குச்சி கொடுத்து அடுக்கி வையுங்கள். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு இழைத்தால் பட்டை முறுக்கிக்கொள்ளாது.

கால் வேலை: மேசையின் ஒவ்வொரு முனையிலும் இரண்டு கால்கள் நடுவில் ஒரு அச்சில் கத்தரி மாதிரிக் குறுக்காகச் சேரும். நான்கு கால்களையும் ஒன்றாகக் கிளாம்ப் போட்டுத் துளையிடுங்கள். மேல் முனையிலிருந்து 17 மி.மீ தள்ளி 6 மி.மீ துளை. அதிலிருந்து 343 மி.மீ கீழே நடு அச்சுக்கு 8 மி.மீ துளை. மேல் முனையை அந்தத் துளையை மையமாக வைத்து 17 மி.மீ ஆரத்தில் வட்டமாகச் செதுக்குங்கள். காலின் அகலம் 40 என்பதால் செதுக்காமல் விட்டால் முனை சட்டத்துக்கு மேலே துருத்தும், ஓரப் பட்டை அதன் மேல் ஏறி ஆடும். அடி முனையைக் கடைசியில் அறுங்கள்: கத்தரியை விரித்து, மேல் துளைகளுக்கு நடுவே 500 மி.மீ வைத்துப் பிடித்து, தரைக்கு இணையாக ஒரு கோடு போட்டு வெட்டினால் சரியாக உட்காரும். கோணம் 43 பாகை கிட்ட வரும், ஆனால் கோணமானியை நம்புவதைவிட விரித்து வைத்துக் கோடு போடுவது மேல்.

நடு அச்சுக்கு 8 மி.மீ போல்ட், இரண்டு காலுக்கும் நடுவே ஒரு வாஷர், முனையில் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருக்கும், தானே கழலாது). சாதாரண நட் போட்டால் கத்தரியைத் திறந்து மூடத் திறந்து மூட அது தானே கழன்றுகொண்டே போகும்.

சட்டமும் காலும் சேரும் இடம் பழைய கட்டிலின் மூட்டு மாதிரிதான். காலைத் துளைத்து வரும் 6 மி.மீ போல்ட் சட்டத்தின் முனைக்குள் நுழைய வேண்டும், சட்டத்தின் உள்பக்கத்தில் முனையிலிருந்து 50 மி.மீ தள்ளிக் குடைந்த குழியில் நட் இருக்க வேண்டும். 80 மி.மீ நீள போல்ட் நான்கு. ஃபர்னிச்சர் ஃபிட்டிங் கடையில் பேரல் நட் (பக்கவாட்டில் மரை போட்ட உருளை நட்) கிடைத்தால் வேலை சுத்தம். கிடைக்காவிட்டால் சாதாரண நட்டைக் குழியில் வைத்து, போல்ட்டைப் பூட்டிய நிலையில் சுற்றிலும் எம்-சீல் அடைத்துவிடுங்கள். போல்ட்டின் மரைக்கு முன்கூட்டி மெழுகு தடவாவிட்டால் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். குழியை 50 மி.மீயைவிட முனைக்கு நெருக்கமாகக் கொண்டுபோகாதீர்கள், இறுக்கும்போது முனை நாரோடு பிளந்து வரும்.

இன்னொன்று, கத்தரியில் ஒரு கால் மற்றதைவிட 22 மி.மீ தள்ளி நிற்கும் (காலின் கனம் 20, வாஷர் 2). இரண்டு கத்தரியையும் எதிரெதிராகப் பூட்டினால் ஒரு பக்கச் சட்டம் மற்றதைவிட 44 மி.மீ நீளமாகத் தேவைப்படும். இரண்டையும் ஒரே கைப்பக்கமாகப் பூட்டினால் இரண்டு சட்டமும் ஒரே நீளம், எதை எங்கே போட்டாலும் பொருந்தும். எல்லாச் சேர்க்கையையும் ஒருமுறை பூட்டிப் பார்த்த பிறகே பசையைத் தொடுங்கள்.

---

பட்டைநெசவு எழுதியது:

மேலே உள்ள சட்டக கணக்கு சரி. மேல்பலகையைப் பற்றி நான் சொல்கிறேன், அதிகம் கெட்டுப்போவதும் அதுதான்.

எலாஸ்டிக் கயிறு வேண்டாம். 45 மி.மீ அகலப் பட்டையைப் பக்கவாட்டில் துளைக்க வேண்டும், கனமோ 12. கயிற்றுக்கு 6 மி.மீ துளை என்றால் மேலும் கீழும் 3 மி.மீதான் மரம். டிரில் ஸ்டாண்டு இல்லாமல் கையால் போட்டால் மூன்றில் ஒன்று முகத்தைப் பிளந்து வெளியே வரும். அலுமினியப் பட்டையில் உள்ளே குழல் இருப்பதால் அந்த முறை அங்கே எடுபடுகிறது. எலாஸ்டிக் வெயிலில் இற்றும் போகும்.

நாடாவில் அடியுங்கள். 25 மி.மீ பாலியஸ்டர் நாடா 5 மீட்டர் வாங்கினால் மேல்பலகைக்கும் காலுக்கும் சேர்த்துப் போதும். பை தைக்கும் சாமான் விற்கும் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். நைலான் நனைந்தால் நீளும். கட்டிலுக்குப் போடும் பருத்தி நவார் நாடா நனைந்தால் சுருங்கும்: ஒரு மழையில் மேசை முதுகு தூக்கும். பாலிப்ரொப்பிலீன் நாடா மலிவு, ஆனால் 160 பாகையிலேயே உருகும். மேலே அடுப்பு வைக்கப் போகிறீர்கள் என்பதால் அதையும் தவிர்த்துவிடுங்கள்.

நாடா எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். பட்டையின் அடிப்பக்கத்தில்தான் அடிக்க வேண்டும், சுருட்டும்போது அடிப்பக்கம் உள்ளே போக வேண்டும். அப்படிச் சுருட்டினால் பட்டைகளின் மேல் விளிம்புகள் விலகித் திறக்கும், எங்கேயும் முட்டாது. மேல் முகம் உள்ளே வருமாறு சுருட்டப் பார்த்தால் 5 மி.மீ இடைவெளி மூடியதும் விளிம்போடு விளிம்பு மோதி நின்றுவிடும், மீறி அழுத்தினால் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வரும். அதோடு அடியில் நாடா இருந்தால், எடை விழுந்து பலகை தொய்யப் பார்க்கும்போது நாடா இழுபட்டுப் பட்டைகளைப் பிடித்துக்கொள்கிறது. மேலே நாடா அடித்தால் எடை ஏற ஏறப் பட்டைகள் கீழே பிரியும்.

அடிக்கும் முறை: தரையில் நேர்க்கட்டை ஒன்றைப் பொருத்தி, பட்டைகளை முகம் குப்புற வைத்து அதன் மேல் முட்டி அடுக்குங்கள். நடுநடுவே 5 மி.மீ பிளைவுட் சில்லு. 15 பட்டை, 14 இடைவெளி, மொத்தம் 745 வரும். சட்டகம் 742 மி.மீ, எனவே ஓரத்தில் 1–2 மி.மீ தள்ளி நிற்பது சரியே. மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்தால் 957 மி.மீ வர வேண்டும். வித்தியாசம் 3 மி.மீக்கு மேல் போனால் சுருள் ஒரு பக்கமாகக் கூம்பிக்கொண்டு போகும், பையில் நுழையாது.

நாடாவின் நடுக்கோடு பட்டை முனையிலிருந்து 110 மி.மீ. சட்டம் உட்காரும் இடம் முனையிலிருந்து 32 முதல் 67 மி.மீ வரை. நாடா அதன் மேல் ஏறினால் ஒவ்வொரு முறையும் நசுங்கித் தேயும்.

ஸ்டேப்ளர் பின் வேண்டவே வேண்டாம். கடல் காற்றில் துருப்பிடித்துக் காலாகாலத்துக்கு முன்னே விடும். 304 தரத் துருப்பிடிக்காத எஃகில் அரை இன்ச் ஸ்க்ரூ 60, அகல வாஷர் 60. பட்டைக்கு ஒரு நாடாவில் இரண்டு ஸ்க்ரூ, விளிம்பிலிருந்து 10 மி.மீ உள்ளே. பட்டையின் நடுவில் ஒன்று மட்டும் போட்டால் நாடா இரு ஸ்க்ரூவுக்கும் இடையே 50 மி.மீ நீளம் தொளதொளவென்று கிடக்கும், பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். அரை இன்ச் என்பது 12.7 மி.மீ. வாஷருக்கும் நாடாவுக்கும் இரண்டரை போக 10 மி.மீ மரத்தில் இறங்கும், மேல் முகத்தில் 2 மி.மீ மிஞ்சும். முக்கால் இன்ச் ஸ்க்ரூ வாங்கிவிட்டால் முனை மேலே எட்டிப் பார்த்துக் கையைக் கிழிக்கும். 2 மி.மீ பிட்டில் முன்துளை, பிட்டில் 8 மி.மீ உயரத்தில் டேப் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நாடாவில் துளையை டிரில்லால் போடாதீர்கள். நூல் பிட்டில் சுற்றிக்கொண்டு அரை அடி நாடாவே பிரிந்துவிடும். ஒரு ஆணியைக் குறட்டில் பிடித்துச் சூடாக்கிக் குத்தினால் துளையின் ஓரம் உருகி இறுகும். வெட்டிய முனைகளையும் அப்படியே சுட்டுவிடுங்கள்.

நாடாவை நெளிவு போகும் அளவுக்கு மட்டும் இழுத்து அடியுங்கள். விறைப்பாக இழுத்துப் பிடித்து அடித்தால் விட்டவுடன் அது சுருங்கிப் பட்டைகளை நெருக்கும், மேசையின் நடு மேலே எழும்பும். ஒரு முனையில் 60 செ.மீ நாடாவைத் தொங்க விட்டுப் பிளாஸ்டிக் பக்கிள் மாட்டினால் சுருளைக் கட்ட அதுவே ஆகும். சுருள் 6 இன்ச் விட்டத்துக்கு வரும்.

பட்டையின் அகலத்தை 25–30ஆகக் குறைத்தால் இன்னும் சிக்கெனச் சுருளும். ஆனால் சிறிய அடுப்பின் ரப்பர் கால் இடுக்கில் இறங்கும், ஸ்க்ரூவும் இரட்டிப்பாகும். 45 நல்ல அளவு.

---

சாலையோரம்:

மிக்க நன்றி இருவருக்கும். இரண்டரை அடிக்கே வருகிறேன். ஆனால் வீட்டில் பெரியவர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்தே சாப்பிடுவார்கள், அவர்களுக்காக ஒரு அடி உயரத்தில் இன்னொரு ஜோடிக் கால் செய்தால் இதே மேல்பலகையைப் பயன்படுத்தலாமா? தடுப்புக் கட்டை எதற்கு என்பதும் புரியவில்லை. நீளவாக்கில் ஆடுவதற்கு நடுவில் இன்னொரு சட்டம் போட்டால் நிற்குமா?

---

முக்கோணம் எழுதியது:

நடுச் சட்டம் போட்டாலும் ஆட்டம் நிற்காது. இரண்டு கத்தரிகள், அவற்றைச் சேர்க்கும் சட்டங்கள், எல்லாம் ஒன்றுக்கொன்று இணை. இணையாக இரண்டு போட்டாலும் மூன்று போட்டாலும் மொத்தமும் சேர்ந்தே சாயும். இப்போது ஆட்டத்தைத் தடுப்பது சட்டத்தின் முனை காலின் முகத்தில் அழுந்தும் 35 மி.மீ மட்டும். போல்ட் கொஞ்சம் தளர்ந்து அங்கே 1 மி.மீ சந்து விழுந்தால், அரை மீட்டர் உயரத்தில் அது 13–14 மி.மீ ஆட்டமாகப் பெருகும். கடை மேசைகள் ஆடுவதும் இதனால்தான்.

குறுக்குக் கயிறு போடுங்கள். ஒரு நீளப் பக்கத்தில் இடது கத்தரியின் மேல் போல்ட்டிலிருந்து வலது கத்தரியின் அடிக்கு ஒன்று, வலது மேலிலிருந்து இடது அடிக்கு ஒன்று. மறு பக்கத்திலும் அப்படியே. 4 மி.மீ பாலியஸ்டர் கயிறு நான்கு, ஒவ்வொன்றும் ஒன்றேகால் மீட்டர். கூடாரக் கயிற்றில் வரும் பிளாஸ்டிக் இழுப்புக் கட்டை இருந்தால் விரலால் இறுக்கலாம், இல்லாவிட்டால் நழுவு முடிச்சு போதும். கயிறு இழுவையை மட்டுமே தாங்கும், தள்ளினால் தொய்ந்துவிடும். ஆகவே பக்கத்துக்கு ஒன்று போட்டு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், ஒரு திசைக்கு மட்டும் நின்று மறு திசைக்கு ஆடும். இரண்டையும் ஒரே அளவு இறுக்கியதும் மேசை பாறை மாதிரி நிற்கும். கயிற்றை அடியில் மாட்ட, காலின் அடியிலிருந்து 60 மி.மீ மேலே 6 மி.மீ துளை போடுங்கள். ஓரத்தை உப்புத்தாளால் மழுக்கினால் கயிறு அறுபடாது.

தடுப்புக் கட்டை: கத்தரிக்கால் எடை ஏறினால் விரியும். மேல் முனைகளும் வெளியே ஓடப் பார்க்கும், அடியும் ஓடப் பார்க்கும். இரண்டாவது பட்டையிலும் பதினான்காவது பட்டையிலும் அடிப்பக்கம், சட்டத்தின் வெளி முகத்தை ஒட்டி இந்தக் கட்டை இருந்தால் சட்டம் நகராது. கட்டையின் உள் முகம் பட்டை முனையிலிருந்து 31 மி.மீ. பசையோடு 25 மி.மீ ஸ்க்ரூ இரண்டு, தலையை 4 மி.மீ உள்ளே இறக்கிப் பூட்டினால் முனை மேலே வராது. தேக்கு என்றால் பசை வைப்பதற்குச் சற்று முன் தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள், அதன் எண்ணெய்ப் பசையைப் பிடிக்க விடாது.

ஒரு அடி உயரம் தாராளமாகச் செய்யலாம். மேல் துளைக்கும் அடிக்கும் நடுவே 571 மி.மீ, அச்சு அதன் பாதியில், கால் வெட்டும் நீளம் 620. ஆனால் கால் இங்கே படுத்த கோணத்தில், 29 பாகையில் நிற்கும். 20 கிலோ ஏற்றினால் ஒவ்வொரு கத்தரிக்கும் 10 கிலோ வரும். உயர மேசையில் அது தடுப்பின் மேல் 11 கிலோ அளவு வெளித் தள்ளலாக மாறும், தாழ்ந்த மேசையில் 18 கிலோ ஆகும். தார்ப்பாய், சிமெண்ட் தரை போன்ற வழுக்கும் இடத்தில் அடி முனைக்குப் பிடிப்பே இருக்காது. அதனால் தாழ்ந்த காலுக்கு அடியில் காலுக்குக் கால் 500 மி.மீ நீளத்தில் ஒரு நாடா கட்டாயம். உயரக் காலுக்கும் போட்டுவிடுவதே நல்லது, மிச்ச நாடா அதற்குத்தான்.

படிக்கிற வேறு யாருக்காவது 3 அடியே வேண்டும் என்றால் சட்டத்தை நடுவில் வெட்டிக் கீல் போடும்போது கீல் அடிப்பக்கம் வர வேண்டும். மேலே போட்டால் எடை விழுந்ததும் அடி திறந்து நடுவில் மடிந்துவிடும். அடியில் போட்டால் மேல் விளிம்புகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும், நாடாவுக்குச் சொன்ன அதே நியாயம். கீலைவிட உறுதியானது, உள்பக்கத்தில் 300 மி.மீ நீள ஒட்டுக்கட்டை: ஒரு பாதியில் பசையும் ஸ்க்ரூவும், மறு பாதியில் 100 மி.மீ இடைவிட்டு இரண்டு 6 மி.மீ போல்ட்டும் விங் நட்டும்.

---

உளிமுனை:

ஆமாம், குறுக்குக் கயிறுதான் சரியான விடை, அதை நானே எழுதியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சட்டத்துக்கு வெளியே பட்டை 32 மி.மீ நீட்டிக்கொண்டு நிற்கிறது. இதைப் பெரிதாக்காதீர்கள். பட்டைகள் சட்டத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கின்றன, விளிம்பில் முழங்கையை ஊன்றினால் எதிர் முனை தூக்கும். 32 மி.மீயில் அது பெரிய தொல்லை இல்லை. நூறு, நூற்றைம்பது விட்டால் ஒரு சொம்புத் தண்ணீரை ஓரத்தில் வைத்தாலே மறுபக்கம் எழும்பும். நான்கு மூலையிலும் பட்டையிலிருந்து ஒரு சின்ன நாடாக் கண்ணி விட்டுச் சட்டத்தின் அடியில் கொக்கியில் மாட்டினால் காற்றிலும் பறக்காது.

---

நெய்தல்கரை எழுதியது:

பூச்சும் கடற்கரையும். வார்னிஷ் பளபளப்பாக இருக்கும், ஆனால் சுருளில் பட்டையோடு பட்டை உரசி முதலில் விளிம்பில்தான் உரியும், உரிந்த இடத்தில் தண்ணீர் புகுந்து மிச்சத்தையும் தூக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் நல்லது. 120 எண், பிறகு 180 எண் உப்புத்தாள், எல்லா விளிம்பையும் 2 மி.மீ மழுக்கி, துணியால் மெல்லியதாகத் தேய்த்துக் கால் மணி நேரத்தில் மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் விட்டு இரண்டாவது பூச்சு. துடைக்காமல் தேங்க விட்டால் பிசுபிசுப்பு வாரக்கணக்கில் போகாது. பட்டையின் வெட்டு முனைகளுக்கு மட்டும் மூன்று நான்கு முறை கொடுங்கள், தண்ணீர் குடிப்பது முனைதான். நாடா அடிப்பதற்கு முன்பே எண்ணெய் வேலை முடிந்திருக்க வேண்டும்.

எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், குவியலாகக் கிடந்தால் தானே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

அடுப்புக்கு: மரத்தின் மேல் நேராக வைக்காமல் கீழே ஒரு எஃகுத் தட்டு, அதற்கும் மரத்துக்கும் நடுவே 20 மி.மீ காற்றிடைவெளி (நான்கு ஓட்டுச் சில்லோ நட்டோ போதும்). பட்டை இடுக்கு வழியாக இறங்கும் சூடு நாடாவைத்தான் முதலில் தாக்கும், ஆகவே பர்னர் இரண்டு நாடாவுக்கும் நடுவில் வருமாறு வையுங்கள். கரி அடுப்பு இந்த மேசைக்கு ஆகாது. காற்றுக்காகத் தகர மறைப்பு வைத்தால் கேன் பொருத்திய அடுப்பை நான்கு பக்கமும் மூடாதீர்கள், கேன் சூடேறும். ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும்.

கடற்கரைக்குப் போல்ட், நட், வாஷர் எல்லாம் 304 எஃகு. துத்தநாகப் பூச்சு ஆறேழு தடவையிலேயே வெளுக்கும். எஃகுப் போல்ட்டில் எஃகு நைலாக் நட்டை வேகமாகத் திருகினால் மரை கவ்வி இறுகிப்போகும், துளி கிரீஸ் வைத்து மெதுவாக ஏற்றுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, சுருட்டாமல் விரித்து நிழலில் காய வையுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நாடாவுக்கு அடியில் மரம் கறுக்கும்.

---

சாலையோரம்:

மணலில் கால் இறங்குமே, அதற்கு என்ன செய்வது? சமமில்லாத தரையிலும்?

---

நெய்தல்கரை:

12 மி.மீ பிளைவுட்டில் 10 செ.மீ சதுரம் நான்கு வெட்டி, நடுவில் இரண்டு சின்னக் கட்டையை 21 மி.மீ இடைவெளியில் ஒட்டுங்கள். கால் அந்த இடுக்கில் உட்காரும், வழுக்காது. ஈர மணலைவிடக் காய்ந்த மணலில்தான் அதிகம் இறங்கும், அங்கே மட்டும் மாட்டினால் போதும். சமமில்லாத தரைக்கு அதே சதுரத்தின் அடியில் கல் கொடுங்கள். மேசை நொண்டினால் குறுக்குக் கயிறுகளைத் தளர்த்தி, நான்கு காலும் தரையில் படிந்த பிறகு மறுபடி இறுக்குங்கள். இறுக்கிய நிலையில் வேறிடத்துக்குத் தூக்கி வைத்தால் புதுத் தரைக்கு ஏற்ப அது வளைந்துகொடுக்காது.

பத்து எண் ஸ்பானர் ஒன்றைப் பையோடு நூலில் கட்டி வையுங்கள். பையைக் கித்தானில் 78 செ.மீ நீளத்துக்குத் தைக்கச் சொல்லுங்கள், ஆனால் டிக்கி அளவை ஒருமுறை அளந்துவிட்டுச் சொல்லுங்கள். அங்கே 76 செ.மீதான் என்றால் 75க்குத் தைத்தாலும் 73 செ.மீ கால் அடங்கும். கால்களையும் சட்டங்களையும் நடுவில் வைத்து மேல்பலகையை அவற்றைச் சுற்றிச் சுருட்டினால் ஒரே உருளையாக வரும், பட்டைகள் உள்ளே தொளதொளக்காது.

---

சாலையோரம்:

டிக்கியை அளந்தேன், உள்ளளவு 77 செ.மீ. பை 75க்குத்தான். குமிழ மரத்துக்கு மில்லில் ஐந்து நூல் கனம் சொல்லிவிட்டேன்.

---

உளிமுனை:

அறுத்துக் கொடுக்கும்போதே 15க்குப் பதில் 18 பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். குமிழில் நார் குறுக்கே ஓடும் துண்டு ஒன்றிரண்டு எப்படியும் வரும். இரண்டு முனையையும் கட்டை மேல் வைத்து நடுவில் கையால் பலமாக அழுத்திப் பாருங்கள். முறிய வேண்டியது அங்கேயே முறியட்டும்.